கனுப்பிடியும் காக்கைச் சிறகும்

மைனா உட்கார்ந்திருக்கும்போது அதன் சிறகிலுள்ள வெள்ளை ஒரு கீற்றுக்கு மேல் தெரியாது. பழுப்பு உடம்பு, கறுத்த தலை, கண்ணோரத்தில் மஞ்சள், மஞ்சள் கால். கொல்லைக்கு வருகிறவர்கள் யாரைக் கேட்டாலும் மைனாவை இப்படித்தான் சொல்வார்கள். எழும்பும் நொடியில் பார்த்தால் வேறு பறவை. இரண்டு சிறகிலும் பெரிய வெள்ளைத் திட்டு பளிச்சென்று விரியும், வால் நுனியில் வெள்ளை விளிம்பு விசிறியாகும், சிறகின் அடிப்பக்கமும் வெள்ளை. நான் தீனி வைக்கும் தட்டுக்கும் பக்கத்தில் கட்டிய குச்சிக்கும் நடுவே அரை முழ தூரம்தான் பறக்கிறது. அந்த அரை முழத்தில் இத்தனையையும் காட்டிவிட்டு மூடிக்கொள்கிறது.

கொண்டைக்குருவியும் அப்படித்தான். வாலடியிலுள்ள சிவப்பைத் தட்டில் உட்கார்ந்தபடி அரைகுறையாகக் காட்டும். திரும்பிப் பறக்கும்போதுதான் அந்தச் சிவப்பும், அதற்கு மேலே முதுகு முடியும் இடத்து வெள்ளையும், வால் நுனி வெள்ளையும் ஒன்றாகத் தெரியும். புள்ளிப்புறா இறங்கும்போது வாலை முழுக்க விரிக்கும். வால்காக்கை கொய்யாவிலிருந்து சரிந்து வரும்போது அதன் கறுப்புச் சிறகில் சாம்பல் கலந்த வெள்ளைப் பலகை ஒன்று திறக்கும். எங்கள் கொல்லையில் வருஷக்கணக்காக என்னோடு வாழ்ந்த பறவைகள் இவை. இவற்றின் பாதி உடம்பை நான் பார்த்ததே கேமரா கைக்கு வந்த பிறகுதான்.

பச்சைக்கிளியின் சிறகைப் பற்றித்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். சின்ன வயதில் கும்பகோணத்துக்குப் போனால் கும்பேஸ்வரர் கோயில் வழியில் கிளி ஜோசியக்காரர் உட்கார்ந்திருப்பார். கூண்டுக் கதவைத் திறந்ததும் கிளி நடந்து வரும். சீட்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளி ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு, நெல்லுக்குக் காத்திருந்து, திரும்ப நடந்தே உள்ளே போய்விடும். அது ஏன் பறந்து போகவில்லை என்று அண்ணாவிடம் கேட்டேன். "இறகை வெட்டியிருக்காங்க பாப்பா" என்றான். கிளி என்றால் நடக்கிற பறவை என்றுதான் வெகுநாள் வரை என் மனதில் படிந்து கிடந்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டுக் கிளிகளைக் கூண்டில் வைப்பதைத் தடுக்கிறது. அந்தத் தடை இன்னும் கடுமையாக நடைமுறைக்கு வர வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கொல்லையில் கம்புத் தட்டுக்கு நேர்மேலே ஒரு கிளி சிறகை விரித்து நின்ற படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்த அன்று, உள்சிறகின் மஞ்சள் கலந்த பச்சையும், அதை அடுத்து வரிசையாக நீளும் சாம்பல் இறகுகளும் தெரிந்தன. கோயில் தெருக் கிளிக்கு வெட்டப்பட்டவை அந்த நீண்ட இறகுகள்.

சென்னை ராயப்பேட்டையில் கேமரா பழுதுபார்த்து வந்த சேகர் என்பவர் தன் மாடியில் பலகைகளை வரிசையாக வைத்து ஊறவைத்த அரிசியைப் பரப்பி, ஆயிரக்கணக்கான கிளிகளுக்கு உணவிட்டு வந்த செய்தி பலருக்கும் தெரிந்திருக்கும். பழைய கேமராக்களுக்கு நடுவே வாழ்ந்த ஒருவர் கிளிகளுக்கு அரிசி வைத்தார் என்பதில் எனக்கு ஏதோ சொந்தம் இருக்கிற மாதிரி ஒரு சந்தோஷம்.

பறவைக்குத் தட்டு வைப்பது புதுப் பழக்கம் என்று சிலர் சொல்கிறார்கள். எங்கள் தஞ்சைப் பக்கத்தில் அறுவடை ஆனதும் நல்ல கதிர்களாகப் பார்த்து எடுத்துப் பின்னித் திண்ணை உத்தரத்தில் தொங்கவிடுவார்கள். வாசலுக்கு லட்சுமி என்று பெரியவர்கள் சொல்வார்கள். அனுபவித்தவை சிட்டுக்குருவிகள். கதிருக்கு முன்னால் ஒரு நொடி அந்தரத்தில் நின்று, சிறகைப் படபடவென்று அடித்துக்கொண்டு, ஒரு நெல்லை உருவி எடுத்துக்கொண்டு போகும். ஆண்குருவி அப்படி நிற்கும்போது அதன் தொண்டைக் கறுப்பு முழுதாகத் தெரியும். உமி மட்டும் திண்ணையில் உதிரும். அம்மா அதைப் பெருக்கிக்கொண்டே, "தின்னுட்டுப் போகட்டும், அதுங்களுக்கும் சேர்த்துத்தான் விளைஞ்சுது" என்பாள். ஓட்டு வீட்டின் முன்கட்டை இடித்துத் தளம் போட்ட பிறகு உத்தரமும் இல்லை, குருவிக்குப் பொந்தும் இல்லை. பின்கட்டுச் சமையலறைக்கு மட்டும் இன்னும் ஓடு. அங்கே இரண்டு ஜோடி தங்கியிருக்கின்றன. பறக்கிற பறவையை நிறுத்திப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு அந்தக் கதிர்க்கொத்தின் கீழேதான் வந்தது. அண்ணாவுக்குக் கேமரா கிடைத்ததும் அதே நாட்களில்தான்.

ஆக்ஃபா கிளிக் III. அந்தக் காலத்து நடுத்தர வீடுகளில் பலருக்கும் அதுதான் முதல் கேமரா. 120 ஃபிலிம், ஒரு சுருளுக்கு 12 படம், சதுரமாக வரும். வெயில், மேகம் என்று மாற்றுவதைத் தவிர அதில் செய்வதற்கு அதிகம் இல்லை. அண்ணா அந்த 12 படத்தையும் வீணாக்காமல் எடுப்பான். குலதெய்வம் கோயிலில் ஒன்று, தாத்தா நாற்காலியில் ஒன்று, பசுவும் கன்றும் ஒன்று. மிச்சமிருந்த ஒரு படத்தை ஒரு கனு அன்று காக்கைக்காகச் செலவழித்தான்.

கனு என்றால் பொங்கலுக்கு மறுநாள் விடிகாலை. குளிப்பதற்கு முன்னால் கொல்லையில் மஞ்சள் இலை பரப்பி, மஞ்சள் சாதம், சிவப்புச் சாதம், வெள்ளைச் சாதம், சர்க்கரைப் பொங்கல், தயிர்சாதம் என்று சின்னச் சின்ன உருண்டையாக வரிசை வைப்போம். கனுப்பிடி என்பது அதுதான். கரும்புத் துண்டும் வாழைப்பழமும் பக்கத்தில். உடன்பிறந்தவர்கள் நன்றாக இருக்க வேண்டும், காக்கைக் கூட்டம் போல ஒற்றுமையாக இருக்க வேண்டும் என்று பெண்கள் வேண்டிக்கொண்டு வைப்பது. யாருக்காக நான் வைத்தேனோ அவனே கிணற்றுக் கைப்பிடிச் சுவரில் முழங்காலை ஊன்றிக் கேமராவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முதல் காக்கை வந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. சிவப்பு உருண்டையைக் கவ்விக்கொண்டு எழும்பியது. "கிளிக்" என்றது.

கழுவி வந்த படத்தில் மஞ்சள் இலை நரம்பு வரை தெரிந்தது. உருண்டைகள் ஒவ்வொன்றும் தெரிந்தன. காக்கை இருந்த இடத்தில் மேல்நோக்கி இழுபட்ட ஒரு கறுப்புத் தீற்றல். அண்ணா அந்த வயதிலேயே காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டான். அந்தக் கேமராவின் ஷட்டர் திறந்து மூட ஏறக்குறைய ஒரு விநாடியில் 30இல் ஒரு பங்கு ஆகும். காக்கை விநாடிக்கு 5 மீட்டர் போகிறது என்று வைத்தால் அதற்குள் ஏறக்குறைய 17 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். அதாவது தன் உடம்பில் பாதிக்குக் கிட்ட. சிறகு நுனி அதைவிட வேகம். படத்தில் பறவை எங்கே நிற்கும்?

இன்று நான் 1/2500 விநாடியில் எடுக்கிறேன். அதே காக்கை அந்த நேரத்தில் 2 மில்லிமீட்டர்தான் நகரும்.

ஃபிலிம் கழுவித் தந்த ஸ்டுடியோக்காரரை நினைத்துக்கொள்கிறேன். இருட்டறையின் சிவப்பு விளக்கில் வேலை பார்த்துப் பார்த்துப் பகல் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கியே பேசுவார். ஊட்டியில் 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த 'இந்து' ஃபிலிம் பெட்டிகள் அவருடைய அலமாரியில் அடுக்கியிருக்கும். அண்ணாவின் காக்கைப் படத்தைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது எனக்கு இன்றும் உதவுகிறது. "தம்பி, பறக்கிறதைத் துரத்தாதே. அது எங்கே வந்து உட்காரும்னு பார்த்து வை. அந்த இடத்துக்குக் கேமராவை வெச்சுட்டு நீ காத்துக்கிட்டு இரு." பறவைப் படத்தைப் பற்றி அதற்குப் பிறகு படித்த எத்தனையோ பக்கங்களில் இதைவிடப் பயனுள்ள வாக்கியத்தை நான் பார்க்கவில்லை.

பிரான்ஸ் நாட்டு எத்தியேன் ஜூல் மாரே துரத்திப் பிடிக்கத்தான் பார்த்தார். 1882இல் துப்பாக்கி போலத் தோளில் வைத்துக் குறிபார்க்கும் கேமரா ஒன்றைச் செய்து, நேப்பிள்ஸ் கடற்கரையில் கடற்காகங்களை விநாடிக்கு 12 படமாக எடுத்தார். குண்டு இல்லாத துப்பாக்கி. சிறகு மேலே போகும்போது எப்படி மடங்குகிறது, கீழே வரும்போது எப்படி விரிகிறது என்பதை மனிதக் கண் முதன்முதலாக வரிசையாகப் பார்த்தது அவர் போன்றவர்களின் புகைப்படத் தட்டுகளில்தான். பிறகு அமெரிக்காவில் ஹெரால்டு எட்ஜர்டன் மின்விளக்கை நொடியின் நுண்பங்கில் மினுக்கித் தேன் குடிக்கும் ஹம்மிங் பறவையின் சிறகையே நிறுத்தினார். இங்கிலாந்தின் எரிக் ஹாஸ்கிங், ஆந்தைப் படத்துக்காக மறைவிடத்துக்குப் போய் 1937இல் ஆந்தையின் நகத்தால் ஒரு கண்ணை இழந்தார். அதற்குப் பிறகும் ஆந்தைகளையே எடுத்தார். அந்த மனிதரிடம் எனக்குப் பெரிய மரியாதை. ஆனாலும் கூட்டருகே போவது எனக்குச் சரியாகப் படுவதில்லை.

நம் பக்கத்தில் மா. கிருஷ்ணன் இருந்தார். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். 1912இல் பிறந்து 1996இல் மறையும் வரை எழுதினார், வரைந்தார், கறுப்பு வெள்ளையில் படம் எடுத்தார். தியடோர் பாஸ்கரன் தொகுத்த அவருடைய தமிழ்க் கட்டுரைகள் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற பெயரில் வந்திருக்கின்றன. காட்டு யானையைப் பற்றி எழுதிய அதே கவனத்தோடு வீட்டைச் சுற்றித் திரியும் பறவைகளைப் பற்றியும் எழுதலாம் என்று எனக்குக் காட்டியவர் அவர்.

காற்றைப் பற்றிச் சொல்ல வந்தேன். பறவைகள் எதிர்காற்றில்தான் இறங்கும், எதிர்காற்றில்தான் எழும்பும். எங்கள் வீடு கிழக்குப் பார்த்தது, கொல்லை மேற்கே. தை மாதம் வாடை வடகிழக்கிலிருந்து வரும். கொல்லைக் கதவருகே மணைபோட்டு உட்கார்ந்தால் காற்றும் என் முதுகுப் பக்கம், காலை வெயிலும் என் முதுகுப் பக்கம். எட்டு மணிக்கு மேல் வெயில் ஓட்டைத் தாண்டிக் கிணற்றடிக்கு வரும். அப்போது இறங்கும் ஒவ்வொரு பறவையும் என்னைப் பார்த்து முகத்தில் வெளிச்சத்தோடு வரும். ஆடி வந்தால் எல்லாம் தலைகீழ். மேலைக்காற்று தென்னங்கீற்றைப் பிய்க்கும். கதவருகிலிருந்து பார்த்தால் எல்லாம் முதுகைக் காட்டி இறங்கும். அந்த மாதம் முழுக்கக் கேமராவைத் தூக்கிக்கொண்டு கொல்லையின் கோடிக்குப் போய், பழைய மாட்டுக்கொட்டகைச் சுவரில் சாய்ந்துகொண்டு, சாயங்கால வெயிலில் எடுப்பேன். வயலுக்குப் போகிறவர்கள் காற்றைப் பார்த்து நெல் தூற்றுவதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இது கஷ்டமாக இல்லை.

தட்டிலிருந்து அரை முழம் தள்ளிக் காய்ந்த கொய்யாக் கிளை ஒன்றைக் கட்டியிருக்கிறேன். எந்தப் பறவையும் நேராகத் தட்டுக்கு வராது. கிளையில் உட்கார்ந்து நாலு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் வரும். 300 மி.மீ. லென்ஸில் 4 மீட்டர் தூரத்தில் துல்லியமாகத் தெரியும் ஆழம் சுமார் 4 சென்டிமீட்டர்தான். அதற்கு முன்னும் பின்னும் மங்கல். அதனால் கிளைக்கும் தட்டுக்கும் நடுவே குவியத்தைப் பூட்டிவிட்டு, வ்யூஃபைண்டரில் கண்ணை வைக்காமல் பறவையையே பார்த்துக்கொண்டிருப்பேன். எழும்புவதற்கு முன் அது சொல்லிவிடும். உடம்பு முன்னுக்குச் சாயும், கால் மடங்கும், இறகு உடம்போடு ஒட்டிக்கொள்ளும், பல சமயம் எச்சமிடும். அந்தச் சாய்வில் விரல் அழுத்திவிட வேண்டும். சிறகு விரிந்ததைப் பார்த்த பிறகு அழுத்தினால் படத்தில் கிளை மட்டும் ஆடிக்கொண்டிருக்கும்.

இப்போது கேமராக்கள் அந்தக் கஷ்டத்தையும் தீர்க்கின்றன. 2016இல் வந்த ஒலிம்பஸ் கேமரா ஒன்றில் பட்டனைப் பாதி அழுத்திக் காத்திருந்தால், முழுக்க அழுத்துவதற்கு முந்தைய நொடியின் படங்களையும் சேர்த்துத் தரும் வசதி வந்தது. பிறகு மற்றவர்களும் கொண்டுவந்தார்கள். நல்ல வசதிதான். என் பேரன் வைத்திருக்கிறான், அழகான படங்கள் எடுக்கிறான். ஆனால் பறவை சாய்வதைக் கண் பழகிய பிறகு கொல்லையே வேறு மாதிரி தெரிகிறது. கேமரா இல்லாமல் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போதும் "இப்போ எழும்பும்" என்று தெரிந்துவிடுகிறது. அதை இழக்க எனக்கு மனமில்லை.

எல்லாவற்றையும் கல்லாக நிறுத்திவிடுவதும் எனக்குப் பிடித்தமில்லை. 1/500க்கு இறக்கினால் தலையும் கண்ணும் நின்று, சிறகு நுனி மட்டும் ஓடும். தவிட்டுக்குருவிகள் நாலு அடி அடித்துவிட்டு மிதந்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கிணற்றைக் கடக்கும்போது அப்படித்தான் எடுப்பேன். அவற்றின் தளர்ந்த பறப்பு அந்த ஓட்டத்தில்தான் வருகிறது. அண்ணாவின் கறுப்புத் தீற்றலை நான் இன்னும் வைத்திருப்பதற்கும் இதுதான் காரணம். அந்தக் காக்கை போய்விட்டது என்பதை அந்தப் படம் சரியாகவே சொல்கிறது.

தட்டு பறவைக்காக வைத்தது. படம் அதற்குப் பிறகுதான். இதில் நான் பிடிவாதக்காரி. ஃபிளாஷ் போடுவதில்லை. குஞ்சுக்குத் தீனி கொண்டுபோகும் காலத்தில் கிளைக்கு அருகே போவதில்லை. உப்புப் போட்ட பண்டம், மிக்ஸர், எண்ணெய்ப் பலகாரம் எதுவும் தட்டுக்குப் போகாது. குருணை, கம்பு, தினை, பழுத்த கொய்யா, வாழைப்பழம், இவை போதும். பக்கத்தில் மண்சட்டியில் தண்ணீர், தினமும் கொட்டித் தேய்த்து நிரப்புவது. பிரிட்டனில் 2005 தொடங்கி ஒட்டுண்ணி நோய் ஒன்று பரவி, தோட்டத் தீனித்தட்டுகளுக்கு வரும் கிரீன்ஃபிஞ்ச் பறவைகள் பெருமளவில் மடிந்தன. ஒரே தட்டில் எச்சிலும் எச்சமும் சேர்ந்தால் அன்பாக வைத்ததே விஷமாகும். கூட்டம் கூடினால் தட்டை இரண்டாகப் பிரித்துத் தள்ளித் தள்ளி வைக்கிறேன். வல்லூறு ஒன்று சில நாள் கொய்யா மறைவிலிருந்து பாய்கிறது. அப்படிப் பாய்ந்தால் இரண்டு நாள் தட்டை எடுத்துவிடுகிறேன். அதற்கும் பசிதான், ஆனால் என் தட்டு அதற்குப் பொறியாக வேண்டாம்.

போன கனுவுக்கும் மஞ்சள் இலை போட்டேன். இப்போது உருண்டை பிடிக்க மருமகளும் உட்காருகிறாள். வேண்டிக்கொண்டு எழுந்து, கதவருகே வந்து கேமராவை எடுத்தேன். சாம்பல் கழுத்துக் காக்கை ஒன்று சிவப்பு உருண்டையோடு எழும்பியது. படத்தைப் பெரிதாக்கினால் சிறகு நுனியில் பிரிந்து நிற்கும் இறகுகள் விரல் விரலாகத் தெரிந்தன. காற்றை வெட்டும் முன்விளிம்பில் கட்டைவிரல் இடத்துச் சிற்றிறகு தூக்கியிருந்தது. அலகில் உருண்டை இல்லை, தொண்டை புடைத்திருந்தது. காக்கை பல சமயம் தீனியைத் தொண்டைப் பையில் அடக்கிக்கொண்டு போகும், உடனே தின்னாது. கொஞ்ச நேரத்தில் சமையலறை ஓட்டு இடுக்கில் அதைச் செருகி, மேலே ஒரு சருகையும் இழுத்துப் போட்டது. எத்தனையோ கனு வைத்திருக்கிறேன், உருண்டை எங்கே போகிறது என்று அன்றுதான் பார்த்தேன்.

படத்தை அண்ணாவுக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன். கண் அறுவைக்குப் பிறகு இப்போது நன்றாகப் பார்க்கிறான். உடனே கூப்பிட்டான்.

"பாப்பா, இடது சிறகுல ஒண்ணு குறையுதே, வலதுலயும் அதே இடத்துல குறையுதா பாரு."

பார்த்தேன். அதே இடத்தில் குறைந்திருந்தது. பறவைகள் இறகு உதிர்க்கும்போது இரண்டு பக்கமும் ஜோடி ஜோடியாகத்தான் உதிர்க்கும், இல்லையென்றால் பறப்பு ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்று அவன் சொன்னான். எண்பதை நெருங்குகிறவன் தொலைபேசியில் ஒரு காக்கையின் இறகை எண்ணிக்கொண்டிருந்தான். அவன் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வைத்த சோறு அது.

பொங்கலை ஒட்டிய நாலு நாட்களில் இன்னொரு வேலையும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2015 முதல் ஒவ்வொரு பொங்கலையும் ஒட்டிப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. காட்டுக்குப் போக வேண்டாம், பைனாகுலர் வேண்டாம். கொல்லையிலோ மொட்டை மாடியிலோ தெருமுனையிலோ குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்த பறவைகளின் பெயரையும் எண்ணிக்கையையும் ஈபேர்டு தளத்தில் ஏற்றினால் போதும். காக்கையையும் மைனாவையும் எழுத வேண்டுமா என்று தயங்குகிறவர்கள் நிறையப் பேர். கட்டாயம் எழுத வேண்டும். சிட்டுக்குருவி குறைகிறது என்று பேச்சாகப் பேசுகிறோம். எந்தத் தெருவில், எந்த ஆண்டில் என்று சொல்வதற்கு இந்தப் பட்டியல்கள்தான் வேண்டும். பறக்கும் படம் ஒன்று கைபேசியில் சுமாராக வந்திருந்தாலும் அதையும் சேர்த்துவிடுங்கள். பெயர் தெரியாத பறவையைச் சிறகின் வெள்ளைத் திட்டையும் வால் விளிம்பையும் வைத்து அடையாளம் சொல்ல அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். வருகிற கனு அன்று பிடி வைத்துவிட்டு உள்ளே போய்விடாமல், கதவருகே கால் மணி நேரம் நின்று எண்ணுங்கள்.